தோட்டத்தை விட்டுப் போனவர்களின் வலைப்பூக்களைப் படிக்க, அவர்களோடு தொடர்பில் இருக்க: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர், லண்டன் என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுதுகிறார்கள். பத்திரிகைக்கு அல்ல, சொந்த வலைப்பூவில். விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன அம்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தூங்கிய மதியங்கள், நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு, மகளுக்குக் கிடைத்த வேலை என்று எல்லாம் அதில் இருக்கும். புலன (வாட்ஸ்அப்) குழுவில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படங்களில் ஆள் தெரிவதில்லை. இந்த எழுத்துகளில் தெரிகிறார்.

படிக்க ஆசை உள்ளவர்கள் நம் ஊரில் குறைவில்லை. ஆனால் பலரும், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், சிம் அட்டையிலும் கடவுச்சொல்லிலும் சிக்கிப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கும் இது சுலபமாகக் கைகூடவில்லை. ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் அதை மாற்றிச் சொன்னார், யாரும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் எண், அதுவும் உங்கள் சொந்தப் பெயரில்

ப்ரீபெய்ட் எண் வாங்க அடையாள அட்டை வேண்டும். அசலையே கொண்டு போங்கள், நகலை நம்பிப் போகாதீர்கள். அட்டை தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் அதை மாற்றிவிட்டுக் கடைக்குப் போவதுதான் உத்தமம். இல்லாவிட்டால் இரண்டு இடத்துக்கும் மாறி மாறி அலைய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. “அட்டை வேண்டாம் அக்கா, ஏற்கெனவே பதிந்த எண் இருக்கிறது” என்று சொல்லி ஒரு சிம்மை நீட்டுகிறவர்கள் உண்டு. என் சின்னம்மாவின் எண் அப்படித்தான் முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தது. கைப்பேசி தொலைந்த அன்றுதான் விஷயம் தெரிய வந்தது. அதே எண்ணைத் திரும்பக் கேட்கச் சின்னம்மாவுக்கு எந்த உரிமையும் இல்லை. எண் போனதோடு புலனமும் மின்னஞ்சலும் போயின. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த எண்ணாக இருந்தாலும் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ரீலோட் செய்யாமல் விட்டால் ப்ரீபெய்ட் எண் காலாவதியாகும். பிறகு அது வேறொருவருக்குப் போய்ச் சேரலாம். உங்கள் கணக்குகளுக்கு வரவேண்டிய இரகசிய எண்கள் அவருக்குப் போகும். காலாவதித் தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். புலனக் கணக்கும் 120 நாள் தொடாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும்.

கைப்பேசி பழையதாக இருக்கலாம், தவறில்லை. ஆனால் 4ஜி வசதி கட்டாயம் வேண்டும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. பசாரில் மலிவாகக் கிடைக்கும் பழைய 3ஜி கைப்பேசி பேசுவதற்கு வேண்டுமானால் உதவும், படிப்பதற்கு உதவாது.

2. செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள்

எழுத்தும் இரண்டு மூன்று படங்களும் உள்ள ஒரு வலைப்பக்கம் சராசரியாக இரண்டு, மூன்று எம்பி தரவைத்தான் தின்னும். ஒரு ஜிபியில் முந்நூறு பக்கங்களுக்கு மேல் படிக்கலாம். தரவை விழுங்குவது காணொளிதான். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே அரை ஜிபி கரைந்துவிடும். படிக்க மட்டும்தான் இணையம் என்றால் விலை உயர்ந்த திட்டத்தைக் கடைக்காரர் தலையில் கட்ட இடம் கொடுக்காதீர்கள். 2023-இல் அரசு அறிவித்த ‘பெர்பாடுவான்’ ப்ரீபெய்ட் திட்டம் 30 வெள்ளிக்கு 30 ஜிபி, ஆறு மாதம் செல்லுபடி என்று வந்தது. இப்போது அதே திட்டமோ அதற்கு நிகரானதோ உங்கள் நிறுவனத்தில் உண்டா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கேட்காதவர்களிடம் மாதத் திட்டத்தைத்தான் முதலில் காட்டுவார்கள்.

கைப்பேசித் திரை கண்ணுக்குச் சிறிதாக இருந்தால் ‘நாடி’ எனப்படும் சமூக இணைய மையங்கள் இருக்கின்றன. முன்பு இவற்றை ‘பெடி’ என்று அழைத்தார்கள். கணினி, இணையம் இரண்டும் இருக்கும், சொல்லித்தர ஆளும் இருப்பார். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பொது விடுமுறையா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்தால், எழுந்திருக்கும் முன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். உலாவிச் சன்னலை மூடினால் மட்டும் போதாது.

3. மின்னஞ்சல்: கடவுச்சொல்லைத் தாளில் எழுதுங்கள்

வாசிப்பதற்கும் பின்னூட்டம் இடுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் ஒரு கூகுள் கணக்கு போதும். இலவசம்தான், பத்து நிமிட வேலை. பேரனின் கணக்கையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பின்னூட்டம் அவன் பெயரில், அவன் வைத்திருக்கும் பந்து வீரர் படத்தோடு போய் நிற்கும்.

“கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைக்காதே” என்று இளையவர்கள் சொல்வார்கள். அலுவலகத்துக்கு அது சரி. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு என் ஆலோசனை நேர்மாறானது: ஒரு நோட்டில் எழுதி, நிலப் பட்டா, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பெட்டியில் வையுங்கள். கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகளைக் கொடுக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். எண் தொலைந்தாலும் அவற்றைக் கொண்டு உள்ளே போகலாம். அவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஆண்டு தொடப்படாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், படிக்க நேரமில்லாத மாதங்களிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

4. தமிழில் தட்டச்சு

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி அடிக்க அஞ்சல் முறை, தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கத் தமிழ்99 முறை. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களுக்குத் தமிழ்99 எளிது என்பது என் அனுபவம், ஏனென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலை யோசிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் விரல் தடுமாறும், அவ்வளவுதான்.

5. எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பது

பொறுமை தேவைப்படும் இடம் இது. முகநூலில் பெயர் போட்டுத் தேடுவதுபோல் இங்கே தேடினால் ஒன்றும் அகப்படாது. வலைப்பூ எழுதுகிறவர்களில் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். ஆளைத் தேடாமல் இடத்தைத் தேடுங்கள். தோட்டத்தின் பெயர், தமிழ்ப்பள்ளியின் பெயர், கோவில் திருவிழா, அக்காலத்தில் ஊர் சொன்ன பட்டப்பெயர்கள் ஆகியவற்றைத் தமிழில் இட்டுத் தேடுங்கள்.

தமிழில் ஊர்ப்பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘சுங்கை சிப்புட்’, ‘சுங்கை சிபுட்’, இடைவெளி விடாமல் ‘சுங்கைசிப்புட்’ என்று மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். எல்பில், ஹேவுட், கமுனிங் போன்ற தோட்டப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேட வேண்டும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் கூகுள் அதே சொற்றொடரைத் தேடும். வலைப்பூக்களை மட்டும் காட்டச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘பிளாக்ஸ்பாட் புள்ளி காம்’ என்பதைச் சேர்த்து (site:blogspot.com), பிறகு இடைவெளி விட்டுத் தோட்டத்தின் பெயர். அடுத்து ‘வேர்ட்பிரஸ் புள்ளி காம்’ என்று மாற்றி இன்னொருமுறை.

ஒரே ஒரு வலைப்பூ கிடைத்தால் போதும், மீதி வேலையை அதுவே செய்யும். பக்கவாட்டில் ‘நான் படிப்பவை’, ‘நட்பு வட்டம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கைப்பேசியில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் மறைந்திருக்கும், பக்கத்தின் அடியில் ‘வலைப் பதிப்பைக் காண்க’ என்பதைத் தட்டினால் வெளியே வரும். பின்னூட்டங்களையும் விடாதீர்கள். அங்கே எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவருடைய வலைப்பூவுக்கே போய்ச் சேரலாம். ஊர்க்காரர்கள் அதிகம் சிக்குவது பதிவில் அல்ல, பின்னூட்டத்தில்தான்.

சில பழைய பக்கங்கள் புரியாத குறிகளாகத் தெரியும். கைப்பேசியைக் குறை சொல்லாதீர்கள். இன்று எல்லாக் கருவியிலும் பொதுவாக உள்ள ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன்னிருந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை அவை. அந்த எழுத்தை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் படிக்க முடியும்.

6. எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு வரவழையுங்கள்

பத்து வலைப்பூக்களைத் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒரு மாதத்தில் சலிப்புத் தட்டிவிடும். ஓடை வாசிப்பான் (ஃபீட் ரீடர்) ஒன்றில் அவற்றைச் சேர்த்துவிட்டால், புதிய பதிவு வந்தவுடன் அங்கேயே தெரியும். ஃபீட்லி என்ற வாசிப்பானின் இலவசக் கணக்கில் 100 ஓடைகள் வரை சேர்க்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அது தாராளம், காசு கட்டச் சொல்லி வரும் அறிவிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். வலைப்பூவின் முகவரியை நகலெடுத்து வாசிப்பானின் தேடல் கட்டத்தில் ஒட்டினாலே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் வலைப்பூ என்றால், முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு இட்டு ‘ஃபீட்’ (feed) என்பதை ஆங்கிலத்தில் நான்கெழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள்.

பழைய வழிகாட்டிகளை நம்பிப் புறப்படாதீர்கள். கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றது. பிறகு படிக்கலாம் என்று பக்கங்களைச் சேமித்து வைக்க உதவிய பாக்கெட் 2025 ஜூலையில் நின்றது. இன்றும் பல வலைப்பூக்களில் ‘மின்னஞ்சலில் பெற’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் முகவரியை இட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். முகவரி இட்டவுடன் ‘உறுதிப்படுத்துங்கள்’ என்று ஓர் அஞ்சல் வரவேண்டும். எரிதக் (ஸ்பாம்) கோப்புறையிலும் தேடிப் பாருங்கள். ஒரு நாளில் வரவில்லை என்றால் அந்தப் பெட்டி செத்துவிட்டது, வாசிப்பானில் சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

7. சிக்னல் கிடைக்காத வீட்டுக்கு

செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சில நேரம் ஒரு கோடுதான் காட்டும், அதுவும் வாசலுக்கு வந்தால்தான். டவுனுக்கு வரும்போது வேண்டிய பக்கங்களைக் குரோம் உலாவியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டுங்கள். பக்கம் கைப்பேசியில் சேமிக்கப்படும். வீட்டுக்குப் போய் ‘பதிவிறக்கங்கள்’ பகுதியில் திறந்து நிதானமாகப் படிக்கலாம். கண் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டவும் இதுதான் வசதி, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்காது.

8. பின்னூட்டம் இடும்போது

பிளாக்கர் (பிளாக்ஸ்பாட்) வலைப்பூக்களில் பின்னூட்டம் காணாமல் போவது நீண்ட நாள் வியாதி. எழுதி முடித்துப் ‘பதிப்பி’ என்பதைத் தட்டியதும் கட்டம் வெறுமையாகிவிடும். பெரும்பாலும் காரணம் இதுதான்: உலாவி பிற தளங்களின் குக்கிகளை (உங்களை அடையாளம் காணும் சிறு குறிப்புகளை) தடுத்து வைத்திருக்கும், அதனால் நீங்கள் கணக்கில் நுழைந்திருப்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. ஐபோனில் சஃபாரியில் இது அடிக்கடி நடக்கும். ஐபோன் அல்லாத கைப்பேசியிலோ கணினியிலோ குரோமில் திறந்து பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால், அனுமதி இருக்கும் இடத்தில் ‘பெயரற்றவர்’ என்பதைத் தேர்ந்து, எழுத்தின் முடிவில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். எதுவானாலும் தட்டுவதற்கு முன் எழுதியதை நகலெடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

‘ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்’ என்று வந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். வலைப்பூக்காரர் வாரத்துக்கு ஒருமுறைதான் உள்ளே வருவார். பத்து நாள் பொறுங்கள்.

‘அருமை’, ‘தொடருங்கள்’ என்பவை அஞ்சலட்டையில் வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது போலத்தான். படித்ததில் ஒரு வரியைக் குறிப்பிட்டு, அதற்கு உங்கள் நினைவிலிருந்து ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். நான்கு வரி போதும். எழுதுகிறவர்கள் பதில் போடுவது அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

9. முதல் கடிதம்

ஒருவர் நம் பக்கத்துத் தோட்டத்தவர் என்று உறுதியானவுடன் பொது இடத்தில் “நீ இன்னாருடைய மகள்தானே?” என்று கேட்டுவிடத் துடிப்போம். கேட்காதீர்கள். புனைபெயரில் எழுத அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தற்குறிப்புப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் தனியாக எழுதுங்கள். முகவரி இல்லையென்றால், “உங்களுக்குத் தனியே எழுத விரும்புகிறேன்” என்று ஒரு பின்னூட்டம் இட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும். அதுவரை அவர் உங்களை ஏமாற்றுக்காரர் என்றுதான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. நான் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில், கோவிலுக்குப் பின்புற லயத்தில் வளர்ந்தவள். பால் நிறுக்கும் கொட்டகையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் அப்பாவும் அங்கேதான் வாளியை இறக்கி வைப்பார். கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஜம்பு மரம் நின்றதே, அதை வெட்டிவிட்டார்களா? நேரம் இருக்கும்போது பதில் எழுதுங்கள், அவசரமில்லை.”

ஒரு கேள்வி போதும். தொலைபேசி எண் கேட்காதீர்கள், குடும்பப் படம் கேட்காதீர்கள், முதல் கடிதத்திலேயே மருமகனுக்கு வேலை கேட்காதீர்கள். சிரிக்க வேண்டாம், கேட்டவர்கள் இருக்கிறார்கள். பொருள் வரியில் தோட்டத்தின் பெயரை எழுதினால் எரிதம் என்று நினைத்து அழிக்க மாட்டார். பதில் வர ஒரு மாதம் ஆகலாம். நினைவூட்ட விரும்பினால் ஒரே ஒருமுறை.

10. எழுதக் கூடாதவை

பிறந்தநாள் வாழ்த்து நல்லதுதான். ஆனால் பின்னூட்டத்தில் பிறந்த தேதியை ஆண்டோடும் பிறந்த மாநிலத்தோடும் எழுதிவிடாதீர்கள். நம் அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. வாழ்த்துச் சொல்கிறேன் என்று எட்டு இலக்கத்தைச் சந்தையில் பரப்பிவிடுவீர்கள்.

ஒருவர் தன் வீட்டுத் துக்கத்தைப் பற்றி எழுதினால் அதைப் படம் பிடித்துத் தோட்டத்துப் புலனக் குழுவில் போடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. இதைப் போல எரிச்சல் தருவது எனக்கு வேறில்லை. வலைப்பூ பொதுவில் இருப்பது உண்மைதான். ஆனாலும் அவர் தன் வாசகர்களுக்காக எழுதினார், அத்தையின் விசாரணைக்காக எழுதவில்லை. பகிர வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டு, பெயரோடும் இணைப்போடும் பகிருங்கள். சண்டை வந்தால் விலகிவிடுங்கள். 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு பிறரை மிரட்டும், துன்புறுத்தும் நோக்கில் இணையத்தில் தகாதவற்றை எழுதுவதைக் குற்றமாக்குகிறது. பின்னூட்டத்துக்கும் அது பொருந்தும்.

புதிய நட்பு என்று வந்து புலனத்தின் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்கிறவர், எவ்வளவு உருக்கமாகத் தமிழ் பேசினாலும், திருடர். புலன அமைப்பில் இரண்டாம் கட்ட இரகசிய எண்ணை இன்றே போட்டு வையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். அழைக்கும்போது வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும்.

11. திடீரென்று மறைந்த வலைப்பூ

எழுதியவர் அழித்திருக்கலாம், கணக்கு போயிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். பழைய முகவரி உங்களிடம் இருந்தால் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அதை இட்டுப் பாருங்கள். சேமிக்கப்பட்ட நாள்கள் நாள்காட்டியில் வட்டமிட்டுத் தெரியும், ஏதேனும் ஒரு வட்டத்தைத் தட்டினால் அன்றைய பக்கம் திறக்கும். படங்கள் பல நேரம் இருக்காது, எழுத்து பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு முக்கியமான பதிவு என்றால் மறையும் வரை காத்திருக்க வேண்டாம். அதே தளத்தில் ‘இப்பக்கத்தைச் சேமி’ என்ற கட்டத்தில் முகவரியை இட்டால் யாரும் சேமித்து வைக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஒருவர் தானே விரும்பி அழித்ததைத் தோண்டி எடுத்து மறுபடி பரப்பாதீர்கள்.

12. எப்போது அழைப்பது

கடிதம் பழகிப் பேச்சுக்கு வந்தபின் மணிக்கணக்குத்தான் தொல்லை. சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்: இங்கே இரவு ஒன்பது, அங்கே மாலை ஆறரை. லண்டன் அவர்களின் கோடையில் ஏழு மணி நேரமும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரமும் பின்னால். மெல்பர்ன் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அவர்களின் கோடையில் மூன்று. சிங்கப்பூர் நம் நேரம்தான், ஆனால் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் இரவு எட்டுக்கு முன் எடுப்பது அரிது. ஞாயிறு மாலை எல்லாருக்கும் பொருந்தும். தீபாவளி அன்று அழைக்காதீர்கள், யாரும் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள். மறுநாள் அழையுங்கள்.